பழைய பேரை வெட்டாதீர்கள், புதுப் பேரைப் பக்கத்தில் எழுதுங்கள்

(ஹட்டனில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் அணியினர் ஆகியோருக்காக நடந்த கல்விக் கருத்தரங்கில் எமது கல்விப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், வேலை நாள், கொழுந்து நிறை என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "பேரில் என்ன இருக்கிறது, வயிற்றுப்பாட்டைப் பேசுங்கள்" என்று சிலர் நினைக்கலாம். இதுவும் வயிற்றுப்பாடுதான். எப்படி என்று ஒரு சம்பவத்தில் இருந்து தொடங்குகிறோம்.

கொஞ்ச காலத்துக்கு முன் ஓர் அண்ணனும் தங்கையும் நமது காரியாலயத்துக்கு வந்தார்கள். தகப்பனார் இறந்துவிட்டார். அவருடைய சேமலாப நிதியைப் பிள்ளைகள் எடுக்க வேண்டும். இரண்டு பேருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் மேசையில் வைத்தார்கள். அண்ணனுடையதில் ஒரு தோட்டத்தின் பேர், தங்கையுடையதில் இன்னொரு தோட்டத்தின் பேர். தகப்பனார் பேரிலும் ஓர் எழுத்து வித்தியாசம். கந்தோரில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "நீங்கள் இரண்டு பேரும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தானா?"

தோழர்களே, அந்த இரண்டு பேரும் பிறந்தது ஒரே லயத்தில், ஒரே காம்பராவில். நடந்தது இவ்வளவுதான். அண்ணன் பிறந்தபோது அது தனித் தோட்டம். தங்கை பிறப்பதற்கு முன் அதைப் பக்கத்துப் பெரிய தோட்டத்தோடு சேர்த்து ஒரு டிவிசனாக்கிவிட்டார்கள். லயம் நகரவில்லை, கூரை மாறவில்லை, பேர் மட்டும் மாறியது. அதை எழுதி வைத்த ஆள் யாரும் இல்லை.

கடைசியில் வழி காட்டியது, அந்தத் தங்கச்சி வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த பழைய திருவிழா நோட்டீஸ். அதில் தோட்டத்தின் பழைய பேரை அச்சடித்து, இப்போது இன்ன தோட்டத்தின் மேற்பிரிவு என்று பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அந்த நோட்டீஸைச் சட்டப்படி சாட்சியாகக் காட்ட முடியாது. ஆனால் எந்தப் பேரில், எந்தப் புத்தகத்தில் தேட வேண்டும் என்று அதுதான் நமக்குச் சொல்லித் தந்தது. பழைய பேரில் தேடியதும் பதிவு கிடைத்தது. தோட்டத்தில் இருந்து கடிதமும் எடுத்தோம். காரியம் முடிந்தது.

அந்த நோட்டீஸை எழுதிய கோயில் கமிட்டிக்காரர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் செய்த வேலையை நம் ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இங்கே நிற்கிறோம்.

ஊர்ப்பெயர் நமக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? உங்கள் வீட்டுப் பிறப்புப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த இடம், தகப்பன் பிறந்த இடம், தாய் பிறந்த இடம் எல்லாம் கேட்கிறது. அதோடு விடவில்லை. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராக இருந்தால் அவர் பேர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கிறது. பாட்டனார் எந்த இடத்தில் பிறந்தார் என்ற கேள்வி இந்த நாட்டில் சும்மா கேட்கப்பட்ட கேள்வி அல்ல. அதற்குப் பின்னால் நம் சமூகத்தின் கண்ணீர் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது என்றது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பூட்டன் பிறந்த இடத்துக்குப் பத்திரம் யாரிடம் இருந்தது? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தில், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் கலியாணம் முடித்தவர் 7 வருஷமும் மற்றவர் 10 வருஷமும் தொடர்ந்து இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். கங்காணியோடு தோட்டம் தோட்டமாக மாறிய மனிதர், எந்த வருஷம் எந்தத் தோட்டம் என்று பேரைச் சரியாகச் சொல்லாவிட்டால், இடையில் காணாமல் போனவராகிவிடுவார். சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. ஊர்ப்பெயர் மட்டும் அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அரசியல்தான் காரணம். ஆனால் அந்த அரசியலின் கையில் இருந்த ஆயுதங்களில் பத்திரமும் ஒன்று, பத்திரத்தில் இருந்த பேரும் ஒன்று.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதரை இரண்டு நாடுகள் பங்கு போட்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிந்து போன சித்தப்பா, அத்தை, மாமா குடும்பங்களைத் தேடுகிற பிள்ளைகள் இன்றைக்கும் நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பழைய கடிதத்தின் முகவரிதான். அந்த முகவரியில் உள்ள மாவட்டம் இன்றைக்கு அந்தப் பேரில் இருக்காது. தேடுகிறவர்களுக்கு முதல் முட்டுக்கட்டையே இதுதான். அதனால் முதலில் அந்தப் பக்கத்துப் பேர்களைப் பார்ப்போம்.

நம் தாத்தாமார் "திருச்சினாப்பள்ளி ஜில்லா", "சேலம் ஜில்லா" என்று சொன்ன ஊர்கள் இன்று வேறு வேறு மாவட்டங்களில் கிடக்கின்றன. கரூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1910 வரை கரூர்த் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு திருச்சினாப்பள்ளியோடு சேர்ந்தது. 1995இல் தனி மாவட்டமானது. ஒரே கிராமத்தில் இருந்து வந்த மூன்று தலைமுறைப் பத்திரத்தில் மூன்று மாவட்டப் பேர் இருக்க முடியும். மூன்றும் சரி. விவரம் தெரியாத பேரப்பிள்ளை, "தாத்தா ஒரு ஊர், பூட்டன் வேறு ஊர்" என்று எழுதிவிடுவான்.

புதுக்கோட்டையைப் பாருங்கள். 1948 வரை அது ராஜா ஆண்ட சமஸ்தானம், வெள்ளைக்காரனின் நேரடி ஜில்லா அல்ல. பிறகு திருச்சினாப்பள்ளியோடு சேர்த்தார்கள். 1974இல்தான் புதுக்கோட்டை மாவட்டம் உண்டானது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். "எங்கள் பூட்டன் 1890இல் நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தார்" என்று எழுதினால், அப்படி ஒரு மாவட்டம் அன்றைக்கு இல்லை. அந்த எழுத்தை நம்பி அந்தக் காலத்துக் கட்டுகளில் நாமக்கல் மாவட்டம் என்று தேடுகிறவருக்கு வெறுங்கைதான்.

இன்னொரு சிக்கல் சிவகங்கைப் பக்கத்தில். 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது அந்தப் பகுதிக்கு முத்துராமலிங்கத் தேவரின் பேரையும், விருதுநகர்ப் பகுதிக்குக் காமராசரின் பேரையும் வைத்தார்கள். 1997இல் தலைவர்களின் பேர்களை எடுத்துவிட்டு, தலைநகரத்தின் பேரையே மாவட்டத்துக்கு வைத்தார்கள். இடையில் இருந்த அந்தச் சில வருஷங்களில் வந்த கடிதங்களில் "பசும்பொன்", "காமராசர்" என்று மாவட்டப் பேர் இருக்கும். அதை ஓர் ஊர் என்று நினைத்துக் குழம்பக் கூடாது. சென்னை ராஜ்யம் தமிழ்நாடு ஆனதும் 1969இல்தான்.

மொரீஷியசுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தத் தொழிலாளராகப் போன நம் இனத்தவருக்கு ஆளுக்கொரு பத்திரம் எழுதப்பட்டது. பேர், தகப்பன் பேர், ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் உண்டு. மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ளவர்கள் போய்த் தேடிப் பார்க்கிறார்கள். நாம் வந்தது கங்காணி வழியில். ஆளுக்கொரு ஒப்பந்தப் பத்திரம் என்ற வழக்கம் நம் முன்னோருக்கு இருக்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தவர்களுக்கு ஊர்ப்பெயர் நெஞ்சில்தான் இருந்தது, காகிதத்தில் இல்லை. 2023இல் அந்தப் பாதையில் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்களே, அந்தப் பாதையில் விழுந்தவர்களின் ஊர்கள் அவர்களோடேயே போய்விட்டன. அப்பாயி வாயில் கேட்ட ஒரு கிராமத்துப் பேர் நமக்கு ஏன் தங்கம் போன்றது என்று இப்போது விளங்கும்.

இனி நமது மலைக்கு வருவோம். இங்கே பேர் மாறிய விதமே வேறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கட் என்று ஒன்று இருந்தது. தோட்டத்தின் பேர்கூட அதில் இல்லை. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மனிதர் வந்தார்கள். ஆளைச் சாமான் மாதிரி அனுப்பிய காலம் அது. போய்ச் சேர்ந்த பிறகு கேட்டது, ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் உள்ள ஊர்களின் பேர்கள், துரைமாரின் சொந்தப் பேர்கள். அதற்குக் கீழே சிங்கள மக்கள் வழங்கிய பழைய பேர் ஒன்று. அதற்கும் மேலே நம் வாய் வைத்த பேர் ஒன்று. நுவரெலியாவை நம் முதியவர்கள் நூரளை என்றார்கள். செயின்ட் கிளேயர் சென்கிளேயர் ஆனது. கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதியது ஒரு மாதிரி, பதிவாளர் சிங்களத்தில் எழுதியது இன்னொரு மாதிரி, பள்ளிக்கூட வாத்தியார் தமிழில் எழுதியது மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒரே மலை.

பழைய பத்திரத்தில் "திம்புளை" என்றோ "டிக்கோயா" என்றோ இருந்தால் அதை அந்தச் சின்ன இடம் என்று மட்டும் எடுக்கக் கூடாது. துரைமார் தோட்டங்களைப் பெரிய பெரிய பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்த பேர்கள் அவை. தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் திம்புளைப் பகுதிக்குள் அடங்கும். பதுளைப் பக்கம் உறவு உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம்: ஊவா மாகாணம் உண்டானது 1886இல். அதற்கு முந்தைய எழுத்துகளில் பதுளை மத்திய மாகாணத்தில்தான் இருக்கும்.

காணிச் சீர்திருத்தச் சட்டம் 1972இல் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில தோட்டங்கள் சேர்ந்தன, சில பிரிந்தன, சில பேர் மாறின. நேற்றுவரை தோட்டம், இன்றைக்கு டிவிசன். உங்கள் சேமலாப நிதி அட்டையில் எந்தப் பேர் இருக்கிறது, அடையாள அட்டையில் எந்தப் பேர் இருக்கிறது என்று இன்று வீட்டுக்குப் போய் ஒத்துப் பாருங்கள்.

கிட்டத்தில் நடந்ததைக்கூட மறந்துவிட்டோம். அம்பகமுவ பிரதேச சபையைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய சபைகளை உண்டாக்கினார்கள். நுவரெலியா பிரதேச சபையைப் பிரித்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளை உண்டாக்கினார்கள். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தப் புதிய சபைகளுக்குத்தான் வாக்குப் போட்டோம். இந்த மாற்றத்துக்காக நம் சங்கங்கள் எல்லாம் கேட்டுப் போராடியது உண்மை, அது நமக்குக் கிடைத்த நன்மை. ஆனாலும் 2010இல் எழுதிய கடிதத்தில் அம்பகமுவ என்றும், 2020இல் எழுதியதில் நோர்வூட் என்றும் இருந்தால், குடும்பம் குடிபெயர்ந்தது என்று நாளைக்கு ஒருவர் சொல்லலாம்.

பேர் மாறாமல் இடம் மாறியதும் உண்டு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும், நம் ஆட்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள். இன்றைக்கு மஸ்கெலியா என்று பஸ் ஏறிப் போகிற நகரம் வேறு இடம். 1950இல் "மஸ்கெலியா டவுன்" என்று எழுதியவர் சொன்னது தண்ணீருக்கு அடியில் இருக்கிற தெருவை. இந்த ஒரு வரியை எழுதி வைக்காவிட்டால், பேரப்பிள்ளை இன்றைய கடைத்தெருவில் நின்றுகொண்டு பாட்டன் கடையைத் தேடுவான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? எங்கள் கல்விப் பிரிவு சொல்வது ஒரே ஒரு சட்டம். பழைய பேரைத் திருத்தாதீர்கள், பத்திரத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். இன்றைய பேரை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றை அழித்து இன்னொன்றைப் போடாதீர்கள்.

ஒரு சி.ஆர். கொப்பி போதும். பக்கத்தை நான்காகக் கோடு போடுங்கள்.

முதல் கூட்டில் பத்திரத்தில் உள்ளபடி ஊர்ப்பெயர். பிழையாக இருந்தாலும் பிழையோடு எழுதுங்கள். "திருச்சினாப்பொலி" என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். அந்தப் பிழைதான் நாளைக்குப் பதிவேட்டில் தேடும்போது திறவுகோல்.

இரண்டாம் கூட்டில் அது எந்தப் பத்திரம், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு, சந்தா ரசீது, பாஸ்போர்ட், கடிதம், கல்லறை, கோயில் நோட்டீஸ், எதுவானாலும் சரி.

மூன்றாம் கூட்டில் நம் ஆட்கள் வாயில் வழங்கும் பேர். புதுக்காட்டு லயம், இன்ன கங்காணி லயம், ஏழாம் நம்பர் மலை என்று நாம் சொல்கிறோமே, அது எந்த வரைபடத்திலும் இல்லை. சொன்னவர் யார், அவருக்கு என்ன வயது என்பதையும் எழுதுங்கள்.

நான்காம் கூட்டில் இன்றைய விவரம். டிவிசன், தோட்டம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச சபை, பிரதேச செயலகம், மாவட்டம். இந்தியப் பக்கம் என்றால் இன்றைய தாலுகா, மாவட்டம். இந்த விவரத்தை எழுதிய திகதியையும் போடுங்கள், ஏனென்றால் இன்றைய பேரும் ஒருநாள் பழைய பேர் ஆகும்.

நிச்சயம் இல்லாததைப் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு ஊர்கள் ஒரே பேரில் இருந்தால், இதுதான் என்று ஊகத்தில் முடிவு கட்டாதீர்கள். முகநூலில் யாரோ போட்டதைப் பேனாவால் எழுதாதீர்கள்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். முதலில் வீட்டுப் பெட்டி. அடுத்து மாவட்டப் பதிவாளர் காரியாலயம், தோட்டத்து ஆபீஸ், பள்ளிக்கூடம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடங்களில் தோட்டங்களின் அந்தக் காலத்துப் பேர்களைப் பார்க்கலாம். பெர்குசன் டைரக்டரி என்று துரைமாருக்காக அச்சிட்ட பழைய புத்தகத்தில் எந்தத் தோட்டம் எந்தப் பகுதியில், எத்தனை ஏக்கர், யார் துரை என்று இருக்கும். நம் ஆட்களின் பேர் அதில் இல்லை. ஆனாலும் நம் ஆட்கள் வேலை செய்த தோட்டத்தின் பேர் இருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இரண்டும் பெரிய வாசல்கள். கையில் சரியான காலத்துச் சரியான பேர் இல்லாமல் போனால் அந்த வாசல்களும் திறக்காது.

நம் இளைஞர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "துரை வைத்த பேரை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்? அது அடிமைப் பேர் இல்லையா?" கோபம் நியாயமானது. நாளைக்கு நம் குடியிருப்புக்கு நாமே ஒரு நல்ல பேர் வைப்போம், அதற்காகச் சங்கமும் நிற்கும். ஆனால் பேர் வைப்பது வேறு, பேரைப் பதிவது வேறு. "இந்தியத் தமிழர்" என்று எழுதிய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாம் மலையகத் தமிழர் என்று நிமிர்ந்து சொல்கிறோம். பழைய பத்திரத்தில் உள்ள சொல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு அல்ல. அநியாயம் நடந்ததற்கு அந்தப் பத்திரமே சாட்சி. தகர டிக்கட்டின் இலக்கத்தை அழித்தால், நம்மை இலக்கமாக நடத்தியதையும் சேர்த்து அழித்துவிடுவோம்.

இன்று வீட்டுக் காணிக்கு உறுதி கேட்கிறோம். லயத்துக்கு ஒழுங்கான முகவரி கேட்கிறோம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே இருந்து நம் கைக்கு வருவதற்குள் நேர்முகப் பரீட்சைத் திகதி முடிந்துபோன பிள்ளைகள் நம் மத்தியில் உண்டு. "எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்கும்போது, "ரொம்ப காலமாக" என்று சொல்வதும், "இந்த வருஷம், இந்தப் பேரில் இருந்த இந்தத் தோட்டத்தில், இந்த லயத்தில் எங்கள் பூட்டி பிறந்தாள், அந்த இடத்துக்கு இன்றைய பேர் இது" என்று கொப்பியைத் திறந்து காட்டுவதும் ஒன்றா?

ஆகவே தலைவர்மார்களே, தலைவிமார்களே, உங்களிடம் ஒரு வேலையைத் தருகிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குள் உங்கள் தோட்டத்தின் பேர்ப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யுங்கள். எந்தெந்தத் தோட்டங்கள் சேர்ந்து இன்றைய தோட்டமானது, ஒவ்வொரு டிவிசனுக்கும் முன்பு என்ன பேர், ஒவ்வொரு லயத்துக்கும் நம் ஆட்கள் வைத்த பேர் என்ன என்று எழுதுங்கள். வேலையை விட்டு நின்ற பெரியவர்களைக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துக் கேளுங்கள். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். கலியாணம் முடித்துத் தோட்டம் மாறி வந்தவர்கள் அவர்கள், இரண்டு தோட்டத்துப் பேரும் அவர்களுக்குத்தான் தெரியும். இளைஞர்கள் போனில் பதிவு செய்யுங்கள், பத்திரங்களைப் படம் எடுங்கள். ஒரு பிரதி தோட்டக் கமிட்டியிடமும், ஒரு பிரதி சங்கக் காரியாலயத்திலும் இருக்கட்டும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பத்திரத்தை மழையும் கரையானும் தின்பதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். மனிதர் அப்படி இல்லை. போன மாதம் இருந்த அம்மாயி இந்த மாதம் இல்லை. அவரிடம் நாம் கேட்காமல் விட்ட பேரை இனி யாரிடம் கேட்பது?

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறவுங்கள். கொப்பியில் முதல் வரியை இன்றைக்கே எழுதுங்கள்.